கடலுக்குள் போகிறவனுக்கு எதற்குக் கம்பளி?

கடலில் இறங்குகிறவனுக்கு எதற்கு ஸ்வெட்டர்? இந்தக் கேள்வியைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். இறங்கினால் நனையத்தானே போகிறது? நனைந்த கம்பளியைச் சுமந்துகொண்டு எவன் நீந்துவான்?

தென்கடல் ஓரத்தில் பிறந்தவர்கள் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள். மன்னார் வளைகுடாவில் ஆண்டின் பெரும்பகுதி நாட்கள் நீரின் உஷ்ணநிலை 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அங்கே மூச்சுதான் கவலை. குளிர் கவலையே இல்லை.

ஆனால் உலகத்துக் கடல் எல்லாம் மன்னார் வளைகுடா ஆகிவிடாது. ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஆர்க்னித் தீவுகளில் கோடைகாலத்தில்கூட கடல் நீர் 12, 13 டிகிரிதான். குளிர்காலத்தில் அது 6, 7 டிகிரிக்கு இறங்கிவிடும். வட நாடுகளின் ஏரிகளில் பனிக்கட்டியை அறுத்துத் துவாரம் போட்டு உள்ளே இறங்குகிறார்கள். அங்கே நீர் 4 டிகிரிக்கு மேல் இருக்காது.

அந்த நீரில் பாலத்துக்கு அடியில் வேலை நடக்கிறது. கப்பலின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கிறார்கள். மீன் பண்ணை வலைகளைச் சரி பார்க்கிறார்கள். மூழ்கிப்போன பழைய கப்பல்களைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் உடலோடு ஒட்டி, வெளியே தெரியாமல், ஓர் உடை போட்டுக்கொள்கிறார்கள். உயிரோடும் உடல் நலத்தோடும் கரை ஏறுவதில் பெரும் பங்கு அந்த உள்ளுடைக்கு உண்டு. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சூட்டைத் திருடும் தண்ணீர்

நம் தேகத்தின் உஷ்ணம் 37 டிகிரி. 25 டிகிரி காற்றில் சட்டை இல்லாமல் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும். அதே 25 டிகிரி தண்ணீரில் இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்து பாருங்கள். பல் கிட்டிக்கொள்ளும்.

காரணம் எளிது. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. உடம்பைச் சுற்றிக் காற்று இருந்தால் சூடு மெல்லக் கசியும். தண்ணீர் இருந்தால் ஓட்டைப் பானையில் இருந்து ஒழுகுவதுபோல் போய்விடும்.

உடல் உட்புறத்தின் உஷ்ணம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதை ஆபத்து என்கிறது மருத்துவம். ஆனால் டைவருக்கு ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. குளிர் தாக்கியதும் உடம்பு இதயத்தையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும். அதற்காகக் கை, கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விரல்கள் மரத்துப்போகும். விரலின் சூடு 15 டிகிரி அளவுக்கு இறங்கினால் சின்னக் கொக்கியை மாட்டுவதுகூட இயலாத காரியம் ஆகிவிடும்.

40 மீட்டர் ஆழத்தில் காற்றுக் குழாயின் வால்வைத் திருக வேண்டிய விரல்கள் அவை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதோடு, குளிரில் நடுங்குகிறவன் மூச்சை வேகமாக இழுப்பான்; சிலிண்டரில் காற்று சீக்கிரம் தீரும். புத்தியும் மந்தமாகும். எண்ணிப் பார்த்து மேலே வர வேண்டியவன் எண்ணிக்கையை மறப்பான்.

மூன்று விதமான உடைகள்

குளிரைச் சமாளிக்க டைவர்கள் அணியும் உடைகள் மூன்று வகை.

முதலாவது, ஈர உடை. 'வெட் சூட்' என்பார்கள். காற்றுக் குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் ரப்பரால் ஆனது. இதற்குள் தண்ணீர் கொஞ்சம் புகும். புகுந்த நீர் உடம்போடு ஒட்டி நின்று சூடேறிக்கொள்ளும். இளங்குளிருக்கு இது போதும்.

இரண்டாவது, வெந்நீர் உடை. வடகடலின் எண்ணெய்க் கிணறுகளில் மிக ஆழத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேலே உள்ள கப்பலில் இருந்து குழாய் வழியாக வெந்நீர் வந்துகொண்டே இருக்கும். அந்த வெந்நீர் உடைக்குள் பாய்ந்து வெளியேறும். அது பெரிய கம்பெனிகளின் ஏற்பாடு. தனி மனிதன் கடையில் வாங்குவது அல்ல.

மூன்றாவது, உலர் உடை. 'டிரை சூட்' என்பது இதுதான். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீர் புகாத ஜிப் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. 10 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் நீண்ட நேரம் இருக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நாடுகிறார்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உலர் உடை நனையாமல் காக்கும். ஆனால் அது மட்டும் சூடு தந்துவிடாது. உலர் உடை என்பது குடை. உள்ளுடைதான் போர்வை. மார்கழிப் பனியில் குடை மட்டும் பிடித்துக்கொண்டு படுத்தால் குளிர் விடுமா?

தாத்தா காலத்துக் கம்பளி

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய அகஸ்டஸ் சீபே என்பவர் 1830-களில் செம்புத் தலைக்கவசத்தோடு கூடிய மூடிய மூழ்கு உடையைச் செய்தார். தலைக்கவசம், ஈயக் காலணி எல்லாம் சேர்ந்து 80, 90 கிலோ கனத்த உடை அது. அதன் கான்வாஸ் துணிக்குள்ளே டைவர்கள் போட்டுக்கொண்டவை கம்பளிச் சட்டை, கம்பளிக் கால்சட்டை, கம்பளிக் காலுறை, கம்பளிக் குல்லாய். குளிர் அதிகமானால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, மூன்று போட்டுக்கொள்வார்கள்.

இங்கிலாந்தில் வின்செஸ்டர் என்ற ஊரின் பழைய தேவாலயம் சதுப்பில் அமிழத் தொடங்கியபோது, அதன் அஸ்திவாரத்துக்கு அடியில் நீரில் இறங்கி முட்டுக்கொடுத்தவர் வில்லியம் வாக்கர் என்ற டைவர். 1906-ம் ஆண்டு முதல் 1911-ம் ஆண்டு வரை, கண் தெரியாத கலங்கல் நீரில், நாளுக்கு ஆறு மணி நேரம் கையால் தடவித் தடவியே சிமெண்டு மூட்டைகளை அடுக்கினார். ஆழம் ஆறு மீட்டர்தான். ஆனால் வேலை நேரமோ ஆண்டுக்கணக்கு. அந்தக் காலத்து டைவருக்கு உடம்புச் சூட்டை மிச்சப்படுத்தியது ஆட்டு ரோமம்.

ரப்பர் மாறியது, ஜிப் வந்தது, காற்றுப் பம்பு போய் சிலிண்டர் வந்தது. உள்ளே ஒரு சூடான துணி வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

வெளியுடை எது என்று முதலில் பாருங்கள்

உள்ளுடை வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மேலே போடப்போகும் உலர் உடை எந்த வகை?

நியோப்ரீன் ரப்பரால் ஆன உலர் உடைக்குக் கொஞ்சம் சொந்தச் சூடு உண்டு. அதற்குள் மெல்லிய உள்ளுடை போதும். ஆனால் ஆழத்துக்குப் போகப் போக நீரின் அழுத்தத்தில் அந்த ரப்பரின் குமிழிகள் நசுங்கும். கரையில் கனமாக இருந்த உடை அடியில் மெலிந்துவிடும். அதை நம்பி மிக மெல்லிய உள்ளுடையோடு ஆழத்துக்குப் போகக் கூடாது.

நைலான் துணிகளுக்கு நடுவே ரப்பர் படலம் வைத்து ஒட்டிய சவ்வு வகை உடை இன்னொன்று. இது லேசானது, மடித்துப் பெட்டியில் வைக்கலாம், சீக்கிரம் காயும். ஆனால் இதற்குச் சொந்தச் சூடு இல்லை என்றே சொல்லலாம். பாரம் முழுவதும் உள்ளுடை மேல்தான்.

எந்தத் துணி?

துணி சூடு தருவதில்லை. துணிக்குள் அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நல்ல உள்ளுடை என்பது நிறையக் காற்றைப் பிடித்து வைத்து, நசுங்கினாலும் நனைந்தாலும் அதை விடாமல் இருப்பது. இந்த அளவுகோலை வைத்து ஒவ்வொரு துணியையும் பார்ப்போம்.

பருத்தி: நம் வெயிலுக்கு இதைப்போல் உண்டா? வியர்வையை உறிஞ்சி உடலைக் குளிர்விக்கும். அந்தக் குணமே இங்கே எதிரி. உறிஞ்சிய ஈரத்தை விடாது; ஈரமானதும் படிந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும்; காற்று நிற்க இடம் இராது. குளிர்நீர் டைவருக்குப் பருத்தி ஆகாது. உள்ளே அணியும் பனியன், ஜட்டி, காலுறைகூடப் பருத்தியாக இருக்க வேண்டாம்.

கம்பளி: தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கினாலும் மேலே ஈரம் தெரியாமல் வைத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. நனைந்தாலும் முழுக்கக் கைவிடாது. மெரினோ என்ற மெல்லிய ஆட்டு ரோமத்தில் நெய்த சட்டை சொரசொரப்பு இல்லாமல் தோலுக்கு இதமாக இருக்கும். உடம்போடு ஒட்டிய முதல் அடுக்குக்கு மிகவும் ஏற்றது.

ஃபிளீஸ்: 1979-ம் ஆண்டில் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலையில் உருவான பாலியஸ்டர் துணி வகை. பஞ்சு போன்ற மேற்பரப்பு. தண்ணீரைக் குடிக்காது, சீக்கிரம் காயும், விலையும் கொஞ்சம் மலிவு. குறை என்னவென்றால், அழுத்தினால் எளிதில் நசுங்கும். நடுத்தரக் குளிருக்கு நல்லது; கடுங்குளிருக்கு இதன் மேல் இன்னோர் அடுக்கு வேண்டும்.

தின்சுலேட்: திரீ-எம் கம்பெனி 1970-களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை இழைப் பஞ்சு. சாதாரண இழைகளைவிட மிக மிக மெல்லிய இழை. மெல்லிய இழை என்பதால் குறைந்த கனத்துக்குள் அதிகக் காற்றைப் பிடித்து வைக்கிறது. தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. உடைக்குள் கசிவு ஏற்பட்டாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். குளிர்நீர் உள்ளுடைகளில் இது நெடுநாளாகப் பெயர் பெற்றது.

பறவை இறகு அடைத்த கோட்டு: பனிமலையில் ராஜா. இங்கே வேண்டாம். ஒரு முறை நனைந்தால் இறகு கட்டிதட்டிப்போய் வெறும் பை ஆகிவிடும்.

ஒரு தாயின் பெட்டி

அண்மையில் எங்கள் குடியிருப்பில் ஓர் இளைஞர் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். தாத்தா சங்கு குளித்தவர். இவர் மும்பையில் துறைமுக வேலைகளில் சில ஆண்டுகள் டைவராக இருந்துவிட்டு, மேல் பயிற்சிக்காக ஸ்காட்லாந்து போகிறார். செலவுக்கு வீட்டு நகை அடகில் இருந்தது.

பெட்டியைத் திறந்து காட்டினார் அவர் தாயார். மேலாக ஆறு புதுப் பனியன்கள், திருப்பூர்ச் சரக்கு. பக்கத்தில் ஒரு கை வைத்த ஸ்வெட்டர்.

"குளிருமாம்ல தம்பி, அதான் ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கட்டும்னு வாங்குனேன்" என்றார்.

"அண்ணாச்சி, உலர் உடை அங்கேயே தருவாங்க. உள்ளுடை மட்டும் நாமதான் கொண்டு போகணும்னு எழுதியிருக்காங்க. எது வாங்குறதுன்னு தெரியல" என்றார் மகன்.

ரெயில்வே குமாஸ்தாவுக்கு டைவிங் என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த மூத்த டைவர் ஒருவர் வெளிநாட்டுக் குளிர்நீரில் வேலை பார்த்தவர். அவரிடம் இருவரும் போனோம். அவர் பனியன்களைப் பார்த்ததுமே, "இதெல்லாம் கரையில் போட்டுக்கோ. கடலுக்கு ஒண்ணுகூட எடுத்துப் போகாதே" என்றார். பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொன்னார். இந்தக் கட்டுரையில் உள்ள நடைமுறைக் குறிப்புகளில் பல அவர் வாயிலாக வந்தவை.

நல்ல உள்ளுடை ஒன்றின் விலை நம் பணத்தில் இருபது, முப்பது ஆயிரம் ரூபாய் வரை போகும். நகையை அடகு வைத்த வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. அதனால்தான் தவறானதை வாங்கிவிடக் கூடாது.

கனம் எவ்வளவு?

உள்ளுடைகளின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வது வழக்கம். 100, 200, 400 என்று அட்டையில் போட்டிருக்கும். சவ்வு வகை உலர் உடைக்குள் அணிய, பொதுவாக டைவர்கள் கைக்கொள்ளும் கணக்கு இது:

நீர் 15 டிகிரிக்கு மேல் என்றால் 100 கிராம் போதும். 10 முதல் 15 டிகிரி வரை 150 முதல் 200 கிராம். 5 முதல் 10 டிகிரி வரை 200 முதல் 300 கிராம். அதற்குள் ஒரு கம்பளி அடுக்கு. 5 டிகிரிக்குக் கீழே 400 கிராம். அதற்குள்ளும் ஒரு கம்பளி அடுக்கு.

இது அடிப்படைக் கணக்குதான். ஒல்லியானவனுக்குக் கூடுதல் வேண்டும். ஓரிடத்தில் நின்று அளவெடுப்பவனுக்கு, சுத்தியல் அடிப்பவனைவிடக் கூடுதல் வேண்டும். 20 நிமிட முழுக்குக்குப் போதுமானது 80 நிமிட முழுக்குக்குப் போதாது.

நம்மவர்களுக்கு ஏற்றது, கனமான ஒரே உடையைவிட அடுக்கு முறை. தோலோடு ஒரு மெல்லிய கம்பளி. அதன் மேல் 200 கிராம் உள்ளுடை. கடுங்குளிர் நாட்களுக்கு ஒரு கையில்லாத பனிச்சட்டை. இந்த மூன்றும் இருந்தால் பல கடல்களைச் சமாளிக்கலாம். நெஞ்சு சூடாக இருந்தால் விரலுக்கும் ரத்தம் போகும் என்பதால், கையில்லாத சட்டைகூட விரலைக் காக்கும்.

ஆழத்தில் நடப்பது

ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவே ஸ்காப்பா ஃபுளோ என்ற பெரிய வளைகுடா இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து அங்கே காவலில் வைக்கப்பட்ட ஜெர்மன் போர்க்கப்பல்களை, 1919-ம் ஆண்டு ஜூன் 21-ம் தேதி ஜெர்மன் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். மூழ்கியவை 52 கப்பல்கள். பெரும்பாலானவற்றைப் பின்னர் தூக்கி எடுத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். பெரிய கப்பல்களில் ஏழு இன்னும் அடியில் கிடக்கின்றன. உலகம் எங்கும் இருந்து டைவர்கள் அவற்றைப் பார்க்க வருகிறார்கள்.

அவற்றில் ஆழத்தில் கிடக்கும் ஒரு கப்பலுக்கு ஒருவர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 40 மீட்டர். அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. உடைக்குள் இருந்த காற்று ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். விட்டால் உடை தோலைக் கவ்விப் பிடித்துவிடும். உள்ளுடை அட்டையாக நசுங்கும். அதனால் இறங்க இறங்க நெஞ்சில் உள்ள பொத்தானை அழுத்தி உடைக்குள் காற்று விட்டுக்கொள்கிறார். ஏறும்போது அதே காற்று விரியும். தோளுக்குக் கீழே, கையில் உள்ள வால்வு வழியாக அதை வெளியேற்ற வேண்டும். வெளியேறாவிட்டால் பலூன்போல மேலே தூக்கி எறியப்படுவார். அது உயிருக்கே ஆபத்து.

இங்கே உள்ளுடையின் வேலை ஒன்று மறைந்திருக்கிறது. பஞ்சு பிசிறும் துணி அந்த வால்வின் வாயை அடைத்துக்கொள்ளக்கூடும். டைவருக்கென்றே தைத்த உள்ளுடைகளில் வால்வுக்கு நேராகக் காற்று தாராளமாகப் போகும் வலைத்துணி ஒட்டு வைத்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் மலையேறுபவர் உடுப்பில் அது இராது. வாங்கும்போது இடது மேல்கையைத் தடவிப் பாருங்கள்.

போட்டுப் பார்த்து வாங்குங்கள்

உள்ளுடையைப் போட்டு, மேலே உலர் உடையையும் மாட்டிக்கொண்டு ஐந்து காரியம் செய்து பாருங்கள். குந்தி உட்காருங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். முதுகுப்புறம் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொடுங்கள். ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து குதிகாலைத் தொடுங்கள். இரு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டுங்கள். எதிலாவது துணி இழுத்துப் பிடித்தால் அந்த அளவு வேண்டாம். இறுக்கம் காற்றையும் நசுக்கும், ரத்த ஓட்டத்தையும் தடுக்கும்.

ரொம்பத் தொளதொளப்பும் ஆகாது. மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் உடை தோலைக் கிள்ளும்.

கையின் நுனி மணிக்கட்டு ரப்பர் பட்டிக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு நூல் உள்ளே சிக்கினாலும் திரி வழியாக எண்ணெய் ஏறுவதுபோல் தண்ணீர் ஏறிவிடும். கழுத்துப் பட்டிக்கும் இதே விதி.

காலுறை விஷயத்தில் நம்மவர்கள் செய்வது, இருப்பதை எல்லாம் மாட்டிக் காலணியில் திணிப்பது. விரலை அசைக்க இடம் இல்லாவிட்டால் எத்தனை காலுறை போட்டாலும் குளிரும். ஒரு மெல்லியது, மேலே ஒரு கனமானது, போதும்.

இன்னொன்று. உள்ளுடையில் காற்று மிகுந்தால் உடம்பு மிதக்கும். அமிழ ஈயம் கூட்ட வேண்டும். மெல்லிய உள்ளுடையில் இருந்து கனமானதற்கு மாறுகிறவருக்கு இரண்டு, மூன்று கிலோ ஈயம் கூடக்கூடும். அதனால் புது உள்ளுடையோடு முதல் முழுக்கை ஆழத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆழமில்லாத நீரில் ஈயத்தைச் சரிபார்த்த பிறகே ஆழம்.

கரையிலேயே தோற்பவர்கள்

கனத்த உள்ளுடையை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்பே படகில் உட்கார்ந்திருப்பார்கள் சிலர். சிலிண்டர் தூக்குவார்கள், கயிறு இழுப்பார்கள். உள்ளே வியர்வை ஆறாக ஓடும். இறங்கியதும் அந்த வியர்வை குளிரும். உலர் உடையில் ஓட்டை என்று நினைத்து உடையைத் திட்டுவார்கள். வேலையை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் ஜிப்பை மூடுவதே புத்திசாலித்தனம்.

குளிருக்கு முன் சாராயம் ஒரு வாய் என்பதும் பழைய தவறான எண்ணம். அது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து, சூடான உணர்வு தந்து, உள் சூட்டைக் கொட்டிவிடும்.

மின்சாரச் சட்டையை நம்பலாமா?

பாட்டரியால் சூடேறும் சட்டைகள் இன்று விற்பனைக்கு உள்ளன. நல்ல சாதனம்தான். ஆனால் அதை நம்பி மெல்லிய உள்ளுடையோடு இறங்குவது கூடாது. ஏன் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையின் ஒரு சோதனை விடை தருகிறது.

ஆழத்தில் இருந்து வருகிறவர் உடம்பில் கரைந்துள்ள நைட்ரஜன் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் குமிழி கட்டி மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். புளோரிடாவில் உள்ள கடற்படை மூழ்கு ஆய்வு நிலையம் 2007-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், டைவர்களை 36 டிகிரி நீரிலும் 27 டிகிரி நீரிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்த விவரம் இருக்கிறது. அடியில் சூடாக இருந்துவிட்டு மேலே வரும்போது குளிர்ந்தவர்களுக்கே இந்த நோய் அதிகம் வந்தது. அடியில் குளிராக இருந்து, வரும்போது சூடாக இருந்தவர்கள் நன்றாகத் தப்பினார்கள்.

27 டிகிரி என்பது நம் ஊரில் குளிரே அல்ல. அதற்கே இந்த வித்தியாசம்!

அடியில் பாட்டரிச் சட்டை சூடாக்கி, ஏறும்போது பாட்டரி செத்துப்போனால், சோதனையில் மிக மோசமாக வந்த நிலை அதுவே. எனவே பாட்டரி இல்லாமலே கரை சேர்க்கக்கூடிய உள்ளுடையை முதலில் வாங்க வேண்டும். பாட்டரி அதற்கு மேல்தான்.

உள்ளுடையைத் தேர்ந்தெடுக்கும்போது, "இறங்கும்போது கதகதப்பாக இருக்குமா?" என்று கேட்கக் கூடாது. "கடைசிப் பத்து நிமிடம், அசையாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது குளிராமல் இருக்குமா?" என்று கேட்க வேண்டும். எல்லாக் குறிப்பும் இந்த ஒரு கேள்வியில் அடக்கம்.

பராமரிப்பும் பழைய சரக்கும்

வியர்வை உப்பும் எண்ணெய்ப் பசையும் இழைகளை ஒட்ட வைத்துவிடும். மிதமான சோப்பு நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் வேண்டாம். மூட்டைக்குள் அழுத்திக் கட்டி மாதக் கணக்கில் போட்டுவைத்தால் பஞ்சு படிந்துபோகும். தொங்கவிட்டு வைப்பது நல்லது.

பழைய உள்ளுடை பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கலாம், சோதித்து வாங்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து விடுங்கள். எழும்பி வந்தால் உயிர் இருக்கிறது. படிந்தே கிடந்தால் அதில் காற்று நிற்காது. முழங்கால், உட்காரும் இடம், முழங்கை மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் விலையைக் குறைக்காதீர்கள்; வாங்காமலே வந்துவிடுங்கள்.

கரையில் இருப்பவர்களுக்கும்

கடலில் இறங்காத நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஜனவரியில் மும்பையில் இருந்து டில்லிக்கும் அமிர்தசரசுக்கும் ரெயில் ஏறும் நம்மவர்களைத் தினமும் பார்க்கிறேன். பருத்திப் பனியன், அதன் மேல் பருத்திச் சட்டை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர். கூட்டத்தில் மூட்டை தூக்கி வியர்த்து, அந்த ஈரப் பனியனோடு விடியற்காலையில் இறங்கி நடுங்குகிறார்கள். விதி கடலுக்கும் கரைக்கும் ஒன்றே: ஈரம் பிடிக்காத துணி உள்ளே, காற்றைப் பிடிக்கும் துணி நடுவே, காற்றும் நீரும் புகாத துணி வெளியே.

அந்தத் தூத்துக்குடி இளைஞர் கடைசியில் வாங்கியது ஒரு 200 கிராம் உள்ளுடை, இரண்டு மெரினோ கம்பளிச் சட்டைகள், ஒரு கையில்லாத பனிச்சட்டை, நான்கு ஜோடி கம்பளிக் காலுறைகள். ஆறு பனியன்களும் பெட்டியில்தான் போயின. அறையில் போட்டுக்கொள்ள.

பிள்ளைகளைக் குளிர்நீர் வேலைக்கு அனுப்பும் பெற்றோர் இன்னும் பலர் நம்மிடையே இருக்கலாம். விமான டிக்கெட்டுக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் கணக்குப் போடும்போது, உள்ளுடைக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அது ஆடம்பரச் செலவு அல்ல.